மறு: ரேடியேட்டருக்குத் தமிழ்ச்சொல் – ‘நீராற்றி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

சத்தமில்லாத நீர்க்குளிர்ப்புக் கணினி பற்றிய நம் வழிகாட்டி ரேடியேட்டர் என்ற சொல்லில் வந்து நிற்கிறது. கணினியின் சூட்டை ஏந்திவரும் நீர், இதழிதழான உலோகத் தகடுகளுக்கு இடையே ஓடி, அந்தச் சூட்டை விசிறிக்காற்றுக்குக் கொடுக்கும் பாகம் அது. கதிர்வீசி, வெப்பமாற்றி, குளிர்விப்பான் என்று முந்தைய மடல்களில் வந்த மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

கதிர்வீசியில் சிக்கல் ஆங்கிலப் பெயரிலேயே தொடங்குகிறது. ரேடியேட்டர் என்றால் கதிர்வீசுவது என்று பொருள், ஆனால் இந்தக் கருவி கதிராக வீசுவது மிகக் குறைவு. சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் 40 டிகிரி, அறை 25 டிகிரி என்றால், ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு கதிர்வீச்சாக இழப்பது 100 வாட்டுக்கும் குறைவு. மூன்று 120 மி.மீ. விசிறி பொருந்தும் 360 அளவு ரேடியேட்டரின் வெளிமுகம் முழுக்கச் சேர்த்தாலும் 0.15 சதுர மீட்டர் தேறாது. உள்ளே நெருக்கமாக நிற்கும் இதழ்கள் ஒன்றின்மேல் ஒன்று வீசிக்கொள்வதால் அவை இந்தக் கணக்கில் வரா. ஆக, செயலியும் கிராஃபிக்ஸ் அட்டையும் சேர்ந்து 300 வாட் கொடுத்தால், கதிராக வெளியே போவது பத்துப் பதினைந்து வாட்தான். மிச்சமெல்லாம் விசிறிக்காற்றோடு போகிறது. ஆங்கிலத்தில் பழகிப்போன பிழையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

வெப்பமாற்றி இயற்பியல்படி சரி. ஆனால் செயலியின் தலையில் உட்கார்ந்து அதன் சூட்டை நீருக்குக் கொடுக்கும் செம்புக் கட்டியும் வெப்பமாற்றிதான். ஒரே நீர்ச்சுற்றில் இரண்டு வெப்பமாற்றி என்றால் படிக்கிறவர் எதைப் பிடிப்பார்? குளிர்விப்பான் என்றாலோ, நீர் சில்லென்று ஆகிவிடும் என்று நினைப்பார்கள். எத்தனை பெரிய ரேடியேட்டர் போட்டாலும் நீர் அறை வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. சென்னை மே மாதத்தில் அறையே 35 டிகிரி என்றால் நீர் 45-ஐத் தொடுவது சாதாரணம்.

அதனால்தான் நீராற்றி. தேநீர்க்கடையில் ஆற்றும்போது சூடு காற்றுக்குப் போகிறது. எத்தனை முறை ஆற்றினாலும் தேநீர் சில்லென்று ஆகிவிடாது. இந்தக் கருவி செய்வதும் அதேதான்.

சொல் நிற்குமா என்பதை வாக்கியத்தில் போட்டுத்தான் பார்க்க வேண்டும். வழிகாட்டியிலிருந்து சில:

“நீராற்றியை முன்புறம் பொருத்தினால் அறைக்காற்று நேராக அதற்குக் கிடைக்கும், ஆனால் சூடான காற்று கேபினெட்டுக்குள் வரும். மேற்புறம் பொருத்தினால் சூடு வெளியே போகும், ஆனால் கிராஃபிக்ஸ் அட்டை ஏற்கெனவே சூடாக்கிய காற்றுதான் நீராற்றிக்குக் கிடைக்கும்.”

“நீராற்றியின் மேல்விளிம்பு பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். சுற்றில் மிஞ்சிய காற்று உயரமான இடத்தில்தான் சேரும். அந்த இடம் பம்பாக இருந்தால் கடகடவென்று சத்தம் வரும், பம்பும் சீக்கிரம் தேயும்.”

“விசிறியின் தடிமன் 25 மி.மீ. அதற்கு 30 மி.மீ. திருகு போதும். நீளமான திருகைப் போட்டு முறுக்கினால் அது நீராற்றிக்குள் இருக்கும் நீர்க்குழாயைத் துளைத்துவிடக்கூடும்.”

“அமைதி வேண்டுமென்றால் இதழ்கள் அடர்ந்த நீராற்றியைத் தவிருங்கள். அங்குலத்துக்கு 10 இதழ் வாக்கில் இருந்தால் நிமிடத்துக்கு 700, 800 சுற்றில் ஓடும் விசிறியின் காற்றே ஊடுருவிப் போகும். 25, 30 இதழ் என்றால் விசிறி கத்தினால்தான் காற்று நுழையும்.”

எனக்கு எங்கும் இடறவில்லை. உங்களுக்கு?

---

மறு: மறு: ரேடியேட்டருக்குத் தமிழ்ச்சொல்

அண்ணா, கதிர்வீசி வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் ‘ஆற்றி’ என்று முடிந்தால் பணியாற்றி, உரையாற்றி போல வினையெச்சமாகக் கண்ணில் படுகிறதே. அவசரமாகப் படித்தால் ‘நீராட்டி’ வேறு நினைவுக்கு வருகிறது. சூடாற்றி என்று வைத்தால் என்ன? “சூடு ஆறிப்போச்சு” என்று வீட்டிலேயே சொல்கிறோம்.

இன்னொன்று. விசிறி நீராற்றிக்குள் காற்றைத் தள்ளுவதைத் ‘தள்ளுவிசிறி’ என்றும், கேபினெட்டிலிருந்து காற்றை வெளியே தள்ளுவதை ‘வெளித்தள்ளு விசிறி’ என்றும் வரைவில் எழுதியிருக்கிறீர்கள். மேற்புறம் இருக்கும் விசிறி நீராற்றியின் பின்னாலிருந்து இழுத்து, கேபினெட்டுக்கு வெளியே தள்ளினால் அது இழுவிசிறியா, தள்ளுவிசிறியா? நான் இரண்டு முறை படித்தும் புரியவில்லை.

---

மறு: மறு: மறு: ரேடியேட்டருக்குத் தமிழ்ச்சொல்

விசிறி விஷயம் சரியான பிடி. நீராற்றியைப் பொறுத்த பெயர்களுக்கு மட்டும் தள்ளு, இழு என்று வைத்துக்கொள்வோம். கேபினெட்டைப் பொறுத்தவை ‘உள்வரவு விசிறி’, ‘வெளியேற்று விசிறி’. நீங்கள் கேட்டது இழுவிசிறியாகவும் வெளியேற்று விசிறியாகவும் ஒரே நேரத்தில் இருக்கும், குழப்பம் தீர்ந்தது.

சூடாற்றி எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் நீரே இல்லாமல், விசிறி மட்டும் வைத்துச் செயலிமேல் மாட்டும் அலுமினியக் கட்டியும் சூட்டைத்தான் ஆற்றுகிறது. அதற்குச் சூடாற்றி என்ற பெயரை ஒதுக்கிவைப்போம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதும் தெரியும், எதில் நீர் ஓடுகிறது என்பதும் தெரியும்.

வினையெச்சம் பற்றி: இடிதாங்கி, சுமைதாங்கி, மின்தூக்கி எல்லாமே அதே வடிவம்தான். நீராற்றியை, நீராற்றியில் என்று வேற்றுமை உருபு ஏறியதும் அது பெயர் என்று தெரிந்துவிடும், வினையெச்சத்தில் உருபு ஏறாது. தனியாக வரும் இடங்களில் மட்டும், அதாவது படக்குறிப்பிலும் பட்டியலிலும், ‘நீராற்றி (ரேடியேட்டர்)’ என்று முதல் முறை போட்டுவிடலாம்.

அப்புறம், ஒரு சுற்றில் இரண்டு நீராற்றி இருந்தால் எதை முன்னே வைப்பது என்ற பத்தியை வரைவில் சுருக்கிவிட்டேன். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் நீரை 300 வாட் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடாக்கும். வரிசை எப்படி இருந்தாலும் சுற்று முழுக்க நீர் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான். குழாய் எங்கே மடங்காமல் போகுமோ அப்படி வைத்துக்கொள்ளட்டும்.

இனி மிச்சம், அங்குலத்துக்கு எத்தனை இதழ் என்ற அளவு. ‘இதழடர்த்தி’ என்று போட்டிருக்கிறேன். மாற்று இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.