புதுப்பிப்பு: லோகோவோடு படுத்துக்கொண்ட கம்ப்யூட்டர், ஆள் பிடிபட்டது

போன வாரம் புலம்பியிருந்தேனே: விண்டோஸ் லோகோ வரும், புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றும், நீலத்திரை, மறுபடி ரீஸ்டார்ட். ஃபார்மட் செய்தும் தீரவில்லை என்று.

சரி, கோளாறு ராமில்தான் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்). அதற்குப் பதிலில் நீங்கள் சொன்னபடி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி ஓடவிட்டேன். ஐந்து நிமிடத்துக்குள் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், அதாவது பிழைகள். இரண்டு 8 ஜிபி ராமையும் கழற்றி, தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்த்து (மகளின் பென்சில் டப்பாவில் இருந்ததுதான்) மாட்டினேன். பலனில்லை. பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் இடம்), ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை அணைத்தேன். அப்போதும் பிழை.

அப்புறம் ஒவ்வொன்றாக, மதர்போர்டில் (எல்லாப் பாகங்களும் சேரும் முதன்மைப் பலகை) ஒரே ஸ்லாட்டில் மாட்டிப் பார்த்தேன். முதலாவது நான்கு சுற்றையும் சுத்தமாக முடித்தது. இரண்டாவதில் உடனே சிவப்பு. பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினாலும் அதே கதை. ஆக, மதர்போர்டு தப்பியது. "எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) போயிருக்கும், மாற்றிடலாம் சார்" என்ற கடைக்காரர் பேச்சைக் கேட்டிருந்தால் காசு தண்டம்.

மூன்று நாளாக ஒற்றை ராமில் ஓடுகிறது, ஒருமுறைகூட விழவில்லை. குரோமில் பத்து டேப் திறந்தால் மட்டும் மூச்சு வாங்குகிறது. வாரண்டி பாக்கி இருக்கிறது. பில்லைத்தான் வீடெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறேன்.