உறைபனியில கெடந்த டின் சாமான், சாப்பிடலாமா?

தலைக்குந்தா ஹோம்ஸ்டே:
வணக்கம்ங்க. ஹோம்ஸ்டேக்கு வாங்கின டின் சாமான் ஒரு பெட்டி நைட்டு பூரா மச்சானோட ஜீப்ல திறந்தவெளியில கெடந்துருக்கு, இங்க இப்ப உறைபனி எப்படின்னு உங்களுக்கே தெரியும். அன்னாசி, தேங்காய்ப்பால், ஸ்வீட் கார்ன் எல்லாம் பாக்க நல்லாத்தான் இருக்கு, காளான் டின் ஒண்ணு மட்டும் ரெண்டு பக்கமும் உப்பிடுச்சு. இப்ப மத்தியானம், வெயில்ல சூடேறியும் அப்படியே நிக்குது. பனியில உறைஞ்சுதான் உப்பியிருக்கும், நல்லா கொதிக்க வெச்சா போதும்ங்கிறார் மச்சான். சாயங்காலம் வர்ற கெஸ்ட்ல குழந்தைங்களும் இருக்கு, எனக்கு மனசு கேக்கல.

கோத்தகிரி தேயிலை:
குளிர் பட்டதால மட்டும் சாமான் கெடாதுங்க. மிஞ்சிப்போனா தேங்காய்ப்பால் திரிஞ்ச மாதிரி பிரியும், அன்னாசி கொழகொழன்னு ஆகும். உப்பாத டின்ன தாராளமா எடுங்க, விளிம்பு மடிப்புல கசிவு, துரு இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

குன்னூர்க்காரன்:
அந்த காளான் டின்ன திறக்கவே திறக்காதீங்க. தண்ணி ஐஸாகும்போது சுமார் 9% பெருசாகும், அதனால டின் உப்புறது உண்டுதான், ஆனா அதுக்கு உள்ள இருக்கறது கட்டியா உறையணும். நம்ம ஊர் பனி விடியக்காலம் கொஞ்ச நேரம் சைபரை ஒட்டி இறங்கும், புல்லு வெளுக்கும் உருளைச்செடி கருகும், உப்புத்தண்ணியில கெடக்குற காளான் அதுக்குள்ள டின் உப்புற அளவு உறையாதுங்க. அப்படியே உறைஞ்சிருந்தாலும் உருகினதும் உப்பல் பெரும்பாலும் இறங்கிடணும், வெயில் ஏறியும் கும்முனு நிக்குதுன்னா உள்ள இருக்கறது கேஸ். பனி மேல பழியப் போட்டு அதை சமைச்சுடாதீங்க. காளான்ல புளிப்பு கம்மி, காத்தில்லாத டின்னுக்குள்ள பாட்டுலினம் கிருமிக்கு அதுதான் தோது, ஃபேக்டரியில 121 டிகிரி வரைக்கும் சூடு குடுக்கறதே அதோட வித்து சாகத்தான். அதோட விஷம் நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்திடும், வாசனையில தெரியணும்னு இல்லை.

தலைக்குந்தா ஹோம்ஸ்டே:
அப்போ கொதிக்க வெச்சாலும் வேண்டாமாங்க?

குன்னூர்க்காரன்:
வேண்டாம்ங்க. 10 நிமிஷம் கொதிச்சா அந்த விஷம் உடையும்ங்கிறது கீழ ஊர் கணக்கு, ஊட்டி உயரத்துல தண்ணி 92, 93 டிகிரியிலயே கொதிச்சிடும், அதனால 1000 அடிக்கு ஒரு நிமிஷம் கூட்டணும். ஆனா உப்பின டின் திறக்கும்போதே பீச்சி அடிக்கும், கையி, கரண்டி, சமையல் மேடை எல்லாம் படும், உப்பு பாக்கறேன்னு யாராச்சும் நாக்குல வெச்சுட்டா அதுவே ஆபத்து. ஃப்ரீசர்ல தெரியாம வெச்சு உறைஞ்சு உப்பினதுன்னா அது வேற கதை, மடிப்பு விடாம இருந்தா ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுலயே உருக வெச்சு உடனே சமைக்கலாம், வெளிய வெச்சு உருகிட்டா அதையும் வீசிடணும்.

கோத்தகிரி தேயிலை:
வீசும்போது வீட்டுக்குப் பின்னாடி போட்டுடாதீங்க, கரடியும் குரங்கும் கிளறும். திறக்காம ரெண்டு கவர்ல கட்டி, உப்பின டின்னுன்னு சொல்லியே குப்பை வண்டியில குடுங்க. அதுக்கு முன்னாடி பேட்ச் நம்பரை போட்டோ எடுத்து கடைக்காரருக்கு அனுப்புங்க, அதே பேட்ச் டின் அங்க இன்னும் வித்துட்டு இருப்பாங்க.