“தம்பி, சேர்வர் இழுக்குது”: ரிமோட் டெஸ்க்டொப் செஷன்களோடு பட்ட பாடு

புறக்கோட்டைப் பொடியன்

மாசக் கடைசி. காலம்பற 8.40க்கு கணக்குப் பகுதி அக்கா கோல் எடுக்கிறா. “தம்பி, சேர்வர் திரும்பவும் இழுக்குது. ஒரு வவுச்சர் சேவ் பண்ண மூண்டு நிமிசம் எடுக்குது.”

எங்கட இடம் புறக்கோட்டையில துணி இறக்குமதி. கீழ கடை, மேல ஒபிஸ், வத்தளையில ஸ்டோர்ஸ். விண்டோஸ் சேர்வர் 2019 ஒண்டு, அதுக்குள்ள 22 பேர் தங்கட தங்கட கொம்பியூட்டரில இருந்து ரிமோட் டெஸ்க்டொப்பால வந்து வேலை செய்யினம். எல்லா அக்கவுண்டையும் ஒரு இடத்தில வைச்சு ஆளுற டொமைன் இல்லை, ஒவ்வொரு மெசினும் தன்ரபாட்டில நிக்கிற வெறும் வேர்க்குறூப். ஐ.ரி. ஆள் எண்டு நான் மட்டும்தான். சிசிரிவி கமெராவும் பில் பிரிண்டரும்கூட என்ர தலையில.

உள்ள ஆர் ஆர் இருக்கினம் எண்டு காட்டுற கியூயூசரைக் கொமாண்ட் புரொம்ப்டில அடிச்சுப் பாத்தன். 19 வரி வந்தது. ‘அக்டிவ்’ எண்டு காட்டினது 7 பேர்தான், மிச்சம் 12உம் ‘டிஸ்க்’, அதாவது டிஸ்கனெக்ட் ஆனது. வேலை முடிஞ்சதும் எல்லாரும் மேல் மூலையில இருக்கிற பெருக்கல் அடையாளத்தை அமத்திப்போட்டு எழும்பிப் போயிருக்கினம். திரை மறைஞ்சிடும். சேர்வருக்குள்ள அவையின்ர செஷன் (ஒருத்தர் உள்ள வந்து திறக்கிற வேலை மேசை மாதிரி), திறந்து விட்ட எக்செல், குரோம் எல்லாத்தோடயும் அப்பிடியே குந்திக்கொண்டிருக்கும். ஒரு வரியில ‘ஐடில் டைம்’ 16+04:12 எண்டு நிண்டது. 16 நாள், 4 மணித்தியாலம், 12 நிமிசம். ஆர் எண்டு பாத்தா, வேலையை விட்டிட்டு டோஹாவுக்குப் போன பொடியன்! அவன் போன அண்டைக்கே அவன்ர அக்கவுண்டை டிசேபிள் பண்ணிப்போட்டு, என்ர கடமை முடிஞ்சுது எண்டு இருந்தனான். அக்கவுண்டை மூடினா புதுசா உள்ள வர ஏலாது, அவ்வளவுதான். ஏற்கனவே உள்ள இருக்கிற செஷன் அதால சாகாது எண்டு அண்டைக்குத்தான் விளங்கினது.

பிழை அதுக்குப் பிறகு விட்டன். அவன்ர செஷன் ஐடி 17. அதை மூட, அவசரத்தில லொகோஃப் 7 எண்டு அடிச்சு என்டரைத் தட்டிட்டன். அந்தக் கொமாண்ட் “நிச்சயமா?” எண்டு ஒரு வார்த்தை கேக்காது. 7 அக்காவின்ர நம்பர். ஏழு மணிக்கே வந்து எக்செலில தட்டி வைச்ச செக் பட்டியல் முழுக்கப் போச்சு. அக்கா ஏசியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். “பரவாயில்லை தம்பி” எண்டிட்டு முதல் செக்கில இருந்து திரும்பத் தொடங்கினா.

அண்டு பின்னேரம் தொடக்கம் தேடிக்கொண்டிருக்கிறன். ஆற்ற செஷன் எண்டு பெயரோட காட்டவேணும், மூட முதல் ஒருக்காக் கேக்கவேணும். சேர்வர் மெனேஜரில ரிமோட் டெஸ்க்டொப் பகுதியைத் திறந்தா, ‘நீ லோக்கல் அட்மின், டொமைன் யூசராத்தான் வரவேணும்’ எண்டு வாசலிலயே நிப்பாட்டுது. நீங்கள் என்ன பாவிக்கிறியள்? அதை எப்பிடித் தெரிவு செய்தனீங்கள்? பட்டதைச் சொல்லுங்கோ.

வெள்ளவத்தை ஆறு

தம்பி, நீங்கள் தேடுற சாமான் முந்தி விண்டோஸுக்குள்ளயே இருந்தது. 2008 ஆர்2 காலத்தில ‘ரிமோட் டெஸ்க்டொப் சேர்விசஸ் மெனேஜர்’ எண்டு ஒண்டு. இடப்பக்கம் சேர்வர்கள், வலப்பக்கம் ஆக்கள். பெயரில ரைட் கிளிக் பண்ணினா மெசேஜ் அனுப்பலாம், லொக் ஓஃப் பண்ணலாம், அவையின்ர திரையையும் பாக்கலாம். விண்டோஸ் சேர்வர் 2012இல அதைத் தூக்கிப்போட்டாங்கள். திரை பாக்கிற ஷடோ வசதியும் அதோட போச்சு. நான் அப்ப காலி வீதியில ஒரு ஒபிஸில. அவசரப்பட்டு 2012க்கு மாத்தின புண்ணியவான் நான்தான். பிறகு ஆராவது “பிரிண்ட் வருதில்லை” எண்டா மூண்டு மாடி ஏறி இறங்கினதும் நான்தான். 2012 ஆர்2வில ஷடோ திரும்பி வந்தது. அந்த மெனேஜர் வரவேயில்லை.

டொமைன் இருந்து, கனெக்ஷன் புரோக்கரோட (ஆக்களைச் சேர்வருக்கு அனுப்பி வைக்கிற பகுதி) முறையா நிறுவியிருந்தா சேர்வர் மெனேஜரிலயே ஆக்களின்ர பட்டியல் வரும். உங்களுக்கு அது சரிவராது.

ஷடோ பற்றி ஒண்டு சொல்லவேணும். 2020 மார்ச் ஊரடங்கு நேரம், எல்லாரும் வீட்டில இருந்து வேலை. டைரக்டர் கோல் எடுத்து, “இவை வேலை செய்யினமோ எண்டு தெரியாமல் பார்” எண்டார். ரிமோட் டெஸ்க்டொப்பைத் திறக்கிற எம்எஸ்டிஎஸ்சி கொமாண்டில ஷடோவும் செஷன் ஐடியும் குடுத்தா சாதாரணமா மற்றப் பக்கத்தில ‘அனுமதிக்கிறியளோ?’ எண்டு கேக்கும். விண்டோஸின்ர விதிகளை வைக்கிற குறூப் பொலிசியில ஒரு வரியை மாத்தினா கேக்காமலும் பாக்கலாம். மாத்தினன். பாத்தன். முதல் திறந்த செஷனில ஒரு பிள்ளை தன்ர அம்மாவின்ர ஸ்கேன் ரிப்போர்ட்டை வாசிச்சுக்கொண்டிருந்தா. அவவின்ர மவுஸ் ஒரு வரியில போய் நிண்டு, திரும்ப அதே வரிக்கு வந்தது. நான் மூடிப்போட்டு எழும்பிட்டன்.

அண்டைக்கே பொலிசியைப் பழையபடி ஆக்கிட்டு, வேணுமெண்டா எழுத்தில தாங்கோ எண்டு டைரக்டருக்கு ஈமெயில் போட்டன். எழுத்தில வரவேயில்லை. இப்ப 2022இன் 9ஆம் இலக்க தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கு. எந்த டூலைப் பாத்தாலும் நான் முதல் கேக்கிறது, ஒருவரின்ர திரைக்குள்ள போக அவையிட்டக் கேக்குதோ, ஆர் எப்ப பாத்தது எண்டு பதிவு வைக்குதோ எண்டுதான்.

பம்பலப்பிட்டி ரிப்பேர்

காசு குடுக்க முதல் டாஸ்க் மெனேஜரில ‘யூசர்ஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்க. பெயர், ஆர் எவ்வளவு மெமரி தின்கிறார், எல்லாம் இருக்கு. ரைட் கிளிக்கில மெசேஜ், டிஸ்கனெக்ட், சைன் ஓஃப். நம்பர் அடிக்கத் தேவையில்லை, 7உம் 17உம் மாறாது. ஒரே ஒரு சேர்வர் வச்சிருக்கிற கடைக்கு இது போதும் எண்டுதான் நான் சொல்வேன். டூல் விக்கிறவங்க கோவிச்சாலும் பரவாயில்ல.

இன்னொண்டு. வேர்க்குறூப், 2019 எண்டீங்க. ரிமோட் டெஸ்க்டொப் லைசன்ஸ் ஆளுக்கு ஒண்டு எண்ட ‘பெர் யூசரா’, மெசினுக்கு ஒண்டு எண்ட ‘பெர் டிவைஸா’? போன வருசம் ஒரு இடத்தில சனம் ஒவ்வொரு மணித்தியாலமும் வெளியில விழுந்துகொண்டிருந்தது. ரூட்டரை மாத்தினாங்க, கேபிள் மாத்தினாங்க, மூண்டு கிழமையா இன்டர்நெட் கொம்பனியோட சண்டை. நான் போய் கைக்கடிகாரத்தைப் பாத்துக்கொண்டு இருந்தேன். சரியா 60 நிமிசம். டொமைன் இல்லாத 2019இல பெர் யூசர் எண்டு போட்டு வச்சிருந்தா அப்பிடித்தான் வெட்டும். ஆரம்பத்தில கிடைக்கிற 120 நாள் சலுகைக் காலத்தில ஒண்டும் தெரியாது. அது முடிஞ்ச பிறகுதான் கூத்து.

கொட்டாஞ்சேனை13

பொடியன், நீங்கள் டூலைப் பற்றிக் கேட்கிறீர்கள். நான் அதற்கு முந்தின படியில் அடிபட்ட கதையைச் சொல்கிறேன்.

எங்களுடையது கிளியரிங் ஏஜென்சி. வார்ஃபில் இரண்டு பேர், ஒபிஸில் ஒன்பது பேர், வீட்டிலிருந்து நாலைந்து பேர். உங்களுடைய அதே பிரச்சினைதான், ‘டிஸ்க்’ குவிந்து சேர்வர் மூச்சுத் திணறியது. குறூப் பொலிசியில் ‘செஷன் டைம் லிமிட்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. டிஸ்கனெக்ட் ஆன செஷனை எவ்வளவு நேரத்தில் மூடுவது என்பதை அதில் போடலாம். ஒன்றும் போடாவிட்டால் அது மூடவே மூடாது. டொமைன் தேவையில்லை, அந்த சேர்வரிலேயே பொலிசியைத் திருத்தும் ஜிபிஎடிட்டைத் திறந்து போடலாம். நான் 30 நிமிடம் போட்டேன். சேர்வர் பறந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அது 2022 பெப்ரவரி. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஏ, பி, சி என்று குறூப் பிரித்து கறண்ட் வெட்டினார்கள், மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. ஒபிஸில் ஜெனரேட்டர் இருந்ததால் சேர்வர் நிற்கவில்லை. ஆனால் தெஹிவளையில் இருந்து வேலை செய்யும் பிள்ளைக்கு எங்கள் குறூப் நேரம் இல்லை, வேறு நேரம். அவளுடைய ரூட்டர் அணைந்ததும் இங்கே செஷன் ‘டிஸ்க்’ ஆகும். 30 நிமிடத்தில் என் பொலிசி அதை மூடிவிடும். இரண்டரை மணித்தியாலம் கழித்து அவள் திரும்பி வரும்போது பாதி தட்டின கஸ்டம்ஸ் டிக்ளரேஷன் ஷீட் இல்லை. கப்பல் வந்து நிற்கிறது, டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறுகிறது, அவள் அழுகிறாள்.

யாரும் வேண்டுமென்று செஷனை விட்டுப் போகவில்லை. கறண்ட் போனதும், ஆள் வீட்டுக்குப் போனதும் சேர்வருக்கு ஒன்றுதான், இரண்டும் ‘டிஸ்க்’. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் டூல் ஏதாவது வாங்கலாமா என்று விலை கேட்டோம். வெளிநாட்டு மென்பொருள், டொலரில் கோட்டேஷன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா சொச்சம் இருந்த டொலர் அந்த மாதம் முடிவதற்குள் 300ஐ நெருங்க, முதலாளி கோட்டேஷனை மடித்து லாச்சியில் போட்டார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கடைசியில் செய்தது இதுதான். 30 நிமிடத்தை 12 மணித்தியாலம் ஆக்கினேன். பின்னேரம் 6 மணிக்கு விட்டுப் போனால் விடிய 6 மணிக்கு மூடும், இடையில் கறண்ட் போய் வந்தாலும் வேலை அப்படியே இருக்கும். ‘சும்மா இருக்கும் அக்டிவ் செஷன்’ என்று வேறொரு வரி உண்டு, அதைத் தொடவே இல்லை. வார்ஃபில் கியூவில் நிற்பவன் ஒரு மணித்தியாலம் கீபோர்ட்டைத் தொடாமல் இருப்பான், அது அவன் குற்றம் இல்லை.

மருதானை நெட்

பல வாடிக்கையாளர்களின் சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து பார்ப்பது என் வேலை. கடைக்காரர் “ரிமோட் டெஸ்க்டொப் மெனேஜர் வேணும்” என்றால், எனக்கு முதல் வேலை அவருக்கு எது வேண்டும் என்று கண்டுபிடிப்பது. ஆர்டிசிமேன், எம்ரிமோட்என்ஜி எல்லாம் *நீங்கள்* பல சேர்வருக்குள் போவதற்கான சாவிக்கொத்து. உள்ளே யார் இருக்கிறார், அவரை எப்படி வெளியே அனுப்புவது என்பது அவற்றின் முதன்மையான வேலை இல்லை. இரண்டையும் குழப்பி வாங்கிவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

சாவிக்கொத்து என்றால் கவனமும் வேண்டும். ஆர்டிசிமேனில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு 2020இல் மைக்ரோசொஃப்ட் அதை விலக்கிக்கொண்டது. அடுத்த வருடம் சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தன் டூல் தொகுப்பு வழியாகத் திருத்தித் திரும்பத் தந்தது. பழைய பிரதியை இன்னும் பென்டிரைவில் வைத்துத் திரிபவர்களை யூனிட்டி பிளாஸா பக்கம் பார்க்கிறேன். எம்ரிமோட்என்ஜியில் உங்கள் சொந்த மாஸ்டர் பாஸ்வேர்ட் போடாவிட்டால் அது பாவிக்கும் சாவி ஊரறிந்த சாவி. அந்தக் கோப்பு யார் கையில் போனாலும் எல்லாப் பாஸ்வேர்ட்டும் போன மாதிரி.

அப்பாச்சி குவாக்கமோலி நான் விரும்பிப் பாவிப்பது. இலவசம், ஒரு லினக்ஸ் பெட்டியில் ஓடும், பயனர் பிரவுசரிலேயே வேலை செய்யலாம், ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடத் தேவையில்லை. (திறந்து வைத்திருப்பவர்கள் ஈவென்ட் வியூவரில் 4625 (தோற்றுப்போன லொகின் முயற்சி) எத்தனை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள், இரவு நித்திரை வராது.) செஷனைப் பதிவும் செய்யலாம். அட்மின் பக்கத்தில் ‘அக்டிவ் செஷன்ஸ்’ பட்டியல் உண்டு, அங்கிருந்தே ஒருவரைத் துண்டிக்கலாம்.

இங்கேதான் நான் வழுக்கினேன். ஒரு வாடிக்கையாளர் சேர்வரில் அந்தப் பட்டியலில் இருந்த எல்லோரையும் துண்டித்துவிட்டு, சுத்தம் என்று நினைத்து பெக்கப் தொடங்கினேன். கோப்புகள் பூட்டியபடியே கிடந்தன. குவாக்கமோலி வெட்டியது பிரவுசருக்கும் சேர்வருக்கும் இடையிலான தொடர்பை மட்டும், விண்டோஸுக்குள் அத்தனை செஷனும் ‘டிஸ்க்’ ஆக உயிரோடு. பிறகு கியூயூசர்தான் உண்மையைச் சொன்னது. எந்த டூலை எடுத்தாலும் முதல் நாள் இந்தப் பரீட்சையை வையுங்கள்: அதில் ஒருவரை ‘முடி’ என்று அமத்திவிட்டு, சேர்வரில் கியூயூசர் அடித்து அந்தப் பெயர் போய்விட்டதா பாருங்கள்.

தூரத்திலிருந்து இன்னொரு சேர்வரைக் கேட்கும்போது கியூயூசர் 0x000006BA என்று சிணுங்கினால் பயப்படவேண்டாம். அது ஆர்பிசி (ஒரு கொம்பியூட்டர் இன்னொன்றிடம் வேலை கேட்கும் வழி) எட்டவில்லை என்பது, பெரும்பாலும் ஃபயர்வோல்தான்.

புறக்கோட்டைப் பொடியன்

எல்லாருக்கும் நன்றி. ஒண்டும் வாங்கேல்லை.

பம்பலப்பிட்டி அண்ணை சொன்னதைப் போய்ப் பாத்தன். பெர் டிவைஸ்தான், தப்பிட்டன். கொட்டாஞ்சேனை அக்கா சொன்ன 12 மணித்தியாலத்தைப் போட்டாச்சு. ஒவ்வொரு நாளும் காலம்பற 7 மணிக்கு கியூயூசரின்ர பட்டியல் எனக்கு ஈமெயிலில வாற மாதிரி ஒரு டாஸ்க் போட்டிருக்கிறன். ஆராவது வேலையை விட்டா, அக்கவுண்டை மூட முதல் செஷனைப் பாக்கவேணும் எண்டு மொனிட்டரில ஒட்டியும் வைச்சிருக்கிறன். கொமாண்டில லொகோஃப் அடிக்கிறதை விட்டாச்சு, டாஸ்க் மெனேஜர்தான். அதுவும் மெசேஜ் அனுப்பி ஐஞ்சு நிமிசம் பாத்திட்டு.

கூட ஒரு சின்ன வேலையும் செய்தன். எல்லாற்ற டெஸ்க்டொப்பிலயும் பெரிய ஐகன் ஒண்டு, அமத்தினா லொக் ஓஃப். ‘சைன் அவுட்’ எண்டு பெயர் வைச்சா ஒருத்தரும் தொடமாட்டினம் எண்டு தெரியும், அதால ‘வீட்டுக்குப் போறேன்’ எண்டு வைச்சன். வத்தளை ஸ்டோர்ஸில சிங்களப் பிள்ளையள், அவைக்கு ‘கெதர யனவா’. முதல் நாள் பின்னேரம் ஆறு மணிக்குப் பாத்தா ‘டிஸ்க்’ மூண்டுதான்.

ரெண்டாம் நாள் மத்தியானம் அக்கா கோல். “தம்பி, சாப்பாட்டுக்குப் போறதுக்கும் ஒண்டு போட்டுத் தாங்கோவன். அதை அமத்தினா எல்லாம் மூடுப்பட்டிடுமே.”

அதுக்கு டிஎஸ்டிஸ்கொன் எண்டு ஒரு கொமாண்ட் இருக்கு, திரையை மட்டும் கழட்டி விடும், வேலை அப்பிடியே இருக்கும். ‘சாப்பிடப் போறேன்’ எண்டு பக்கத்தில இன்னொரு ஐகன் வைச்சிட்டன். அக்கா செக் பட்டியலைச் சேவ் பண்ணிட்டுத்தான் அதை அமத்துறா, நான் பாத்தனான்.