கபடி கேப்டன் தேர்வு: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். எங்கள் ஊர்க் கபடி அணிக்குக் கேப்டன் தேர்வு செய்ய வேண்டும், இருவரில் யார் என்று குழப்பம்.

ஒருவன் ரெய்டர், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகிறவன். எதிரில் ஆறு பேராவது நின்றால் கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டாமல் திரும்ப மாட்டான். ஆனால் பிடிபட்டால் தன்னுடன் விளையாடுகிறவர்களைத் திட்டுகிறான்.

இன்னொருவன் கார்னர், அதாவது ஓரத்தில் நின்று பிடிக்கிறவன். நாங்கள் மூன்று பேராகக் குறைந்து நிற்கும்போதும் பதறாமல் கணுக்காலைப் பிடித்து, சூப்பர் டேக்கிளில் இரண்டு புள்ளி வாங்கித் தருவான். நடுவர் கவனிக்காத தொடுகையைத் தானே சொல்லி வெளியேறியவன். அதனால் அன்று தோற்றோம். இருந்தாலும் எனக்கு அவன் மேல் மதிப்புதான் கூடியது.

என் நோட்டில் ரெய்டு புள்ளி, டேக்கிள் புள்ளி மட்டுமே இருக்கின்றன. குணத்தை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்? பையன்களிடமே ரகசியமாக எழுதி வாங்கலாமா? பொங்கல் போட்டிக்குள் முடிவெடுக்க வேண்டும், சொல்லுங்கள்.