மறு ஆபரேஷனுக்குப் பிறகும் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே

தோழிகளே, கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன். இடது மார்பக இம்ப்ளான்ட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகிக் கல் மாதிரி ஆகிவிட்டதால், 11 வாரத்துக்கு முன் மறு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இடது பக்கம் அந்தத் தழும்புத் திசு உறையை முழுசாக எடுத்துவிட்டுப் புது இம்ப்ளான்ட் வைத்தார்கள். வலது பக்கம் இம்ப்ளான்ட்டை மட்டும் மாற்றினார்கள். இப்போது வலி இல்லை, இடது பக்கம் மென்மையாகவும் இருக்கிறது. ஆனால் வலதைவிட ஒரு விரல் அகலம் மேலே நிற்கிறது. உடுத்திக்கொண்டால் தெரியாது. கண்ணாடி முன் நின்றால் வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

வீக்கம் வடிந்து, இம்ப்ளான்ட் கீழிறங்கி நிலைக்க 6 மாதம், சில சமயம் ஒரு வருடம்கூட ஆகலாம், அதுவரை பொறுங்கள் என்கிறார் டாக்டர். இரண்டு பக்கமும் ஒரே வேலை செய்யாததால் ஒரே வேகத்தில் ஆறாதாம். நியாயம்தான், மனசு கேட்கவில்லையே.

உங்களில் யாருக்காவது இப்படி இருந்து தானாகச் சரியானதா? எத்தனையாவது மாதத்தில்? இம்ப்ளான்ட்டைக் கீழே இறக்க மார்பின் மேல்பக்கம் கட்டும் பட்டை உதவியதா? (டாக்டரைக் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன்.) மூன்றாவது முறை போனவர்கள் அதே டாக்டரிடமா, வேறொருவரிடமா?

"முதலிலேயே செய்யாமல் இருந்திருக்கலாமே" என்று சொல்ல என் வீட்டிலேயே ஆள் இருக்கிறது, இங்கே வேண்டாம்.