ஃபிளாட் உள்படங்களில் சுவர் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் ஆரஞ்சு: தப்பு லைட்டிங்கிலா எடிட்டிங்கிலா?

கோணம்18 கேட்டது:

வணக்கம். சென்னையில் ரீசேல், வாடகை ஃபிளாட்களை புரோக்கர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் 2 பிஎச்கே, 900 முதல் 1100 சதுர அடி. கேமரா சோனி ஏ6400, லென்ஸ் 10-18 எஃப் 4, டிரைபாட், ஒரே ஒரு கோடாக்ஸ் டிடி600 ஃபிளாஷ், எக்ஸ்ப்ரோ டிரிகர்.

இப்போதைய முறை: வீட்டில் இருக்கிற எல்லா லைட்டையும் போட்டு, 2 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) இடைவெளியில் 5 ஃப்ரேம் பிராக்கெட் (ஒரே காட்சி, வெவ்வேறு வெளிச்ச அளவில்), அப்புறம் லைட்ரூமில் எச்டிஆர் மெர்ஜ் (எல்லாவற்றையும் ஒரே படமாக இணைப்பது). வரும் தொல்லைகள்:

1. ஜன்னல் பக்கச் சுவர் நீலம், ஃபால்ஸ் சீலிங் கோவ் லைட் (சீலிங் பள்ளத்தில் மறைந்திருக்கும் லைட்) பக்கம் ஆரஞ்சு. வொயிட் பேலன்ஸை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிற அமைப்பு) எங்கே நகர்த்தினாலும் ஒரு பக்கம் கெடுகிறது.
2. வெள்ளை சீலிங் சாம்பல் பூசின மாதிரி அழுக்காகத் தெரிகிறது.
3. ஜன்னல் கிரில்லைச் சுற்றி வெள்ளை வளையம்.
4. ஃபிளாஷை சீலிங்கில் அடித்து பவுன்ஸ் பண்ணினால் (வெளிச்சத்தைத் திருப்பி விட்டால்) ஃபேன் நிழல் பூதாகாரமாக விழுகிறது.

ஒரு வீட்டுக்கு 12–15 படம், ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். எடிட்டிங்கை வெளியே கொடுக்கிற அளவுக்கு ரேட் கிடையாது.

---

நிழல்பிடி:

எல்லா லைட்டையும் போட்டு எடுப்பதுதான் முதல் தப்பு. கோவ் எல்இடி 3000 கெல்வின் (எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்), ட்யூப்லைட் 6500 (மலிவான ட்யூப் என்றால் கொஞ்சம் பச்சையும் சேரும்), ஜன்னலில் வரும் நிழல் வெளிச்சம் 7000-ஐத் தொடும். உங்கள் 5 ஃப்ரேமிலும் இதே கலவைதான் இருக்கிறது. மெர்ஜ் சரிசெய்வது வெளிச்ச அளவை மட்டும்தான், நிறத்தை அல்ல. இருட்டில் மறைந்திருந்த நிறக் கோளாறைத் தூக்கி வெளியே காட்டிவிடுகிறது, அவ்வளவுதான். அதனால் எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணுங்கள். ஃபேனையும் ஆஃப் பண்ணி, இறக்கை முழுசா நிற்கிற வரைக்கும் காத்திருங்கள்.

பிறகு ஒவ்வொரு கோணத்துக்கும் இரண்டு ஷாட். டிரைபாடில் லென்ஸின் ஓஎஸ்எஸ் (அசைவைச் சரிசெய்யும் வசதி) ஆஃப், 2 செகண்ட் டைமர், ரா ஃபைல், ஃபோகஸ் மேனுவல்.

முதல் ஷாட், ஃபிளாஷ் இல்லாமல்: ஐஎஸ்ஓ 200, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப் 7.1, ஷட்டர் அறைக்குத் தகுந்த மாதிரி. பகல் ஹாலில் பொதுவாக 1/4 பக்கம் வரும். மீட்டர் காட்டுவதை விட முக்கால் ஸ்டாப் கூடுதலாக வையுங்கள். ஜன்னல் வெளுத்தால் கவலை வேண்டாம்.

இரண்டாவது ஷாட், ஃபிளாஷோடு: ஐஎஸ்ஓ, அப்பர்ச்சரைத் தொடாதீர்கள். ஷட்டரை மட்டும் 3 ஸ்டாப் குறைத்து 1/30-க்குக் கொண்டு போங்கள். ஃபிளாஷ் 1/2 பவரில் தொடங்கி, படம் முழுசாக வெளிச்சமாகிற வரை கூட்டுங்கள். ஏன் 3 ஸ்டாப்? 2 ஸ்டாப் குறைத்தால் மொத்த வெளிச்சத்தில் நாலில் ஒரு பங்கு இன்னும் ஜன்னலுடையது, அந்த நீலம் எட்டிப் பார்க்கும். 3 குறைத்தால் எட்டில் ஒரு பங்குதான். டிடி600-ல் டிடிஎல் (ஃபிளாஷ் பவரை கேமராவே கணக்கிடுவது) கிடையாது, இந்த வேலைக்குத் தேவையும் இல்லை. பவர் பற்றாத பெரிய ஹாலில் ஐஎஸ்ஓவை 400 ஆக்கி, ஷட்டரை 1/60-க்குக் கொண்டு போனால் ஃபிளாஷ் பவரை இரட்டிப்பாக்கினதுக்குச் சமம்.

ஃபேன் நிழல் விஷயம். ஃபிளாஷ் ஃபேனுக்குக் கீழேயோ பக்கத்திலோ நின்று மேலே பார்த்தால், நேர் வெளிச்சம் இறக்கையில் பட்டுத்தான் சீலிங்குக்குப் போகும். ஃபிளாஷை ஸ்டாண்டில் மாட்டி கேமராவுக்குப் பின்னால், ஐந்தரை அடி உயரத்தில் வைத்து, முதுகுப்பக்கச் சுவரும் சீலிங்கும் சேரும் மூலையைப் பார்த்துத் திருப்புங்கள். ஹெட் ஜூம் 24. அப்போது அந்த மூலையில் விழும் நாலைந்து அடி வெளிச்சத் திட்டே உங்கள் லைட் ஆகிவிடும். இறக்கை மேல் நேர் ஒளி படாது. சீலிங்குக்கு இரண்டு அடிக்குள் ஃபிளாஷ் ஹெட்டைக் கொண்டு போனால் திட்டு சின்னதாகி நிழல் கெட்டியாகும்.

முதுகுப்பக்கச் சுவர் கலர் பெயின்ட், அல்லது சீலிங் மர லேமினேட் என்றால் அந்த நிறமே வீடு முழுக்கப் பரவும். அங்கே வெள்ளைக் குடை பயன்படுத்துங்கள். குடை இல்லையென்றால் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் பெரிய தெர்மோகோல் ஷீட்டைச் சுவரில் சாய்த்து அதில் பவுன்ஸ் பண்ணினாலே போதும்.

ஃபோட்டோஷாப்பில்: கீழே ஃபிளாஷ் லேயர், மேலே ஃபிளாஷ் இல்லாத லேயர். மேல் லேயரின் பிளெண்ட் மோட் லூமினாசிட்டி, ஒபாசிட்டி 40 முதல் 60. இந்த மோட் மேல் லேயரிலிருந்து வெளிச்ச அளவை மட்டும் எடுத்துக்கொள்ளும், நிறத்தைக் கீழிருந்து வாங்கும். அதாவது ஜன்னல் வெளிச்சத்தின் இயல்பான ஏற்ற இறக்கம், ஃபிளாஷின் சுத்தமான நிறம். சோபாவுக்குப் பின்னால் ஃபிளாஷ் நிழல் மிச்சம் இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் ஃபிளாஷ் இல்லாத லேயரின் நகல் ஒன்றை நார்மல் மோடில் வைத்து மாஸ்க்கில் (லேயரின் எந்தப் பகுதி தெரியணும் என்று தீர்மானிப்பது) தடவுங்கள். அங்கே நிறம் திரும்பவும் எட்டிப் பார்க்கும், லேசாகத்தான் தடவணும்.

---

சாளரம்:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஜன்னல் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஜன்னல் வழியாக என்ன தெரிகிறது? சென்னை ஃபிளாட்டில் பாதி ஜன்னலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் பக்கத்து வீட்டுச் சுவரும் ஏசி அவுட்டோரும்தான். அதை மெனக்கெட்டு மீட்டெடுக்க வேண்டியதில்லை, வெளுத்தே இருக்கட்டும். பார்க், ஏரி, கடல், திறந்த வானம் இருந்தால் மட்டும் மூன்றாவது ஷாட் எடுங்கள்.

அதற்கு ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 1/160. ஏ6400-ன் ஃபிளாஷ் சிங்க் வேகம் (சாதாரண ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம்) 1/160. அதைத் தாண்டினால் ஹை ஸ்பீடு சிங்க் தேவைப்படும், ஃபிளாஷ் பவர் பாதிக்கு மேல் போய்விடும். வெளியே இன்னும் வெளுப்பாக இருந்தால் ஷட்டரைத் தொடாமல் எஃப் 11-க்குப் போங்கள். ஃபிளாஷைக் கழற்றிக் கையில் பிடித்து, ஜன்னலிலிருந்து ஐந்தாறு அடியில் பக்கவாட்டில் நின்று, ஜன்னல் சட்டத்தையும் சுற்றுச்சுவரையும் நேராக அடியுங்கள். சுவர் வெளுத்துப் போகிற அளவுக்கு ஓவராக அடிக்க வேண்டும். அதுதான் சூட்சுமம்: இந்த லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து டார்க்கன் மோட் கொடுத்தால், வெளுத்த சுவர் கீழ் லேயரை விடப் பிரகாசமாக இருப்பதால் காணாமல் போகும். வெளிக்காட்சி கருமையாக இருப்பதால் அது மட்டும் நிற்கும். கிரில் கம்பி ஒவ்வொன்றாக மாஸ்க் வரைய வேண்டாம், ஜன்னலைச் சுற்றித் தோராயமாக ஒரு கட்டம் போட்டால் போதும். கறுப்பு கிரில் என்றால் இன்னும் சுலபம், வெளிச்சம் தின்றுவிட்ட கம்பி முழுத் தடிமனோடு திரும்பி வரும்.

கெடுவது எங்கே தெரியுமா? கொசுவலையில். வலை போட்ட ஜன்னல் கதவு மேல் ஃபிளாஷ் பட்டால் வலை முழுக்க வெள்ளைத் திரையாகி வெளியே ஒன்றுமே தெரியாது. வலைக் கதவை ஓரமாகத் தள்ளிவிட்டு எடுங்கள். கண்ணாடியில் ஃபிளாஷ் புள்ளி தெரிந்தால் ஓரடி நகர்ந்து கோணத்தை மாற்றுங்கள்.

ஒபாசிட்டி 70–80 போதும். வெளியே எப்போதும் உள்ளே இருப்பதை விட ஒரு ஸ்டாப்பாவது பிரகாசமாக இருக்கணும், இல்லையென்றால் சுவரில் காலண்டர் படம் ஒட்டின மாதிரி இருக்கும். இன்னொன்று, பலர் மறப்பது: விட்ரிஃபைட் டைல் தரையில் ஜன்னலின் பிரதிபலிப்பு. ஜன்னலில் நீல வானம், தரையில் வெள்ளைத் தீற்றல் என்றால் ஏமாற்று வேலை என்று கண் உடனே கண்டுபிடிக்கும். தரையில் அந்த இடத்தின் ஹைலைட்டையும் (பிரகாசமான பகுதி) பிரஷ்ஷால் கொஞ்சம் இறக்குங்கள்.

---

கோணம்18:

ரொம்ப நன்றி இருவருக்கும். இரண்டு சந்தேகம். லைட் எல்லாம் ஆஃப் என்றால் ஓனர், "அத்தனை செலவு பண்ணி கோவ் லைட் போட்டேன், எரியவே இல்லையே" என்பார். அடுத்து பாத்ரூம்: 5க்கு 7 அடி, நான் நிற்கவே இடமில்லை, ஃபிளாஷை எங்கே வைப்பது?

---

முக்காலி:

ப்ரோ, வாடகை ஃபிளாட்டுக்கு எல்லா ரூமிலும் ஃபிளாஷ் அடிக்கறது எனக்கு உடன்பாடு இல்ல. ஹால், கிச்சன், மாஸ்டர் பெட்ரூம் மூணுக்கும் நிழல்பிடி சொன்ன முறை. மத்த ரூமுக்கு லைட் ஆஃப் பண்ணி 5 ஃப்ரேம் பிராக்கெட்டே போதும், வெளிச்சம் ஒரே மூலத்திலிருந்து வர்றதால நிறம் அடிபடாது. மெர்ஜை மட்டும் எச்டிஆரில் பண்ணாம என்ஃப்யூஸ்ங்கற சாஃப்ட்வேரில் பண்ணுங்க. இலவசம்தான், லைட்ரூம் கிளாசிக்குக்கு பிளகினும் இருக்கு. அது ஒவ்வொரு ஃப்ரேமிலும் சரியா எக்ஸ்போஸ் ஆன பகுதியை எடுத்துக் கலக்குது. எச்டிஆரை மெர்ஜ் பண்ணி ஷேடோவை இழுத்து, கிளாரிட்டியையும் (விளிம்புகளை அழுத்திக் காட்டுற ஸ்லைடர்) ஏத்தும்போது வர்ற கிரில் வளையம் இதில் ரொம்பக் குறைவு.

கோவ் லைட்: மத்த ஷாட் முடிஞ்சதும் கேமராவை அசைக்காம கோவ், பென்டன்ட் (தொங்குற லைட்) மட்டும் ஆன் பண்ணி, ரூம் மங்கலாத் தெரியற மாதிரி ஒரு ஃப்ரேம். மேலே லைட்டன் மோட், கறுப்பு மாஸ்க், லைட் இருக்கிற பள்ளத்தில் மட்டும் வெள்ளை பிரஷ். மஞ்சள் ஜாஸ்தின்னா அந்த லேயரோட சாச்சுரேஷனை 30 குறைங்க. எரியும், ஆனா சுவருக்குப் பரவாது. இந்த ஃப்ரேமில் ஷட்டர் 1/50 அல்லது அதைவிட மெதுவா இருக்கட்டும், சைலன்ட் ஷட்டர் ஆஃப். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவு எல்இடி செகண்டுக்கு 100 தடவை துடிக்கும். வேகமான எலக்ட்ரானிக் ஷட்டரில் படம் முழுக்கப் பட்டை பட்டையா வரும்.

பாத்ரூம்: கேமரா வாசல் சட்டத்தில், ஃபிளாஷ் வெளியே. பாத்ரூம் கதவுக்கு முன்னாடி இருக்கிற வெள்ளைச் சுவரிலோ சீலிங்கிலோ அடிச்சு கதவு வழியா உள்ளே அனுப்புங்க. பளபள டைலில் வெள்ளைப் புள்ளி விழுந்தா, ஃபிளாஷை ரெண்டடி தள்ளி வச்சு இன்னொரு ஷாட். ரெண்டையும் டார்க்கனில் போட்டா புள்ளி ரெண்டுமே போயிடும். கண்ணாடியில் நீங்க தெரிஞ்சா கேமராவை வாசலோட ஒரு ஓரத்துக்குத் தள்ளுங்க, கண்ணாடி எதிர்ச் சுவரைப் பார்க்கும். டாய்லெட் மூடியை மூடுங்க, பக்கெட், மக் எல்லாம் வெளியே.

கேக்கல, இருந்தாலும் சொல்றேன். லென்ஸை 10 மிமீ-ல் வச்சு எடுக்காதீங்க. ஓரத்தில் இருக்கிற ஃபிரிட்ஜ் பீரோ அகலத்துக்கு இழுக்கும். 12-க்குக் கீழ போக வேண்டாம், அதுவே ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 18-க்குச் சமம். உயரம் பெட்ரூமில் மூணரை அடி. கிச்சனில் நாலரை அடி, அப்பதான் மேடையோட மேல்பரப்பு தெரியும், மேல் கப்போர்டோட அடிப்பக்கம் தெரியாது.

---

கலர்கார்டு:

சாம்பல் சீலிங்குக்கு யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. மெர்ஜ் ஆனதும் ஹைலைட்டை -100-க்கு இழுப்பதுதான் அதற்குக் காரணம். ஜன்னலை அடக்க இழுக்கிறீர்கள், கூடவே வெள்ளை சீலிங்கும் இறங்கி விடுகிறது. ஹைலைட் -40-க்குள் நிறுத்துங்கள், ஜன்னலைத் தனியாக மாஸ்க்கில் பாருங்கள். லைட்ரூமின் டெவலப் பக்கத்தில் ஹிஸ்டோகிராமுக்குக் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) கீழே ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) சதவீதம் தெரியும். கர்சரை சீலிங்கில் வைத்தால் மூன்றும் 85 முதல் 92-க்குள், ஒன்றுக்கொன்று 2-க்கு மேல் வித்தியாசம் இல்லாமல் இருக்கட்டும். சுவர் 75–85. கண்ணை நம்ப வேண்டாம், மஞ்சள் சுவரை ஐந்து நிமிடம் பார்த்தால் அதுவே வெள்ளையாகத் தெரியும்.

வரிசை முக்கியம்: லென்ஸ் ப்ரொஃபைல் (லென்ஸின் வளைவைச் சரிசெய்வது), பிறகு டிரான்ஸ்ஃபார்மில் கைடட் வைத்துக் கதவுச் சட்டம் இரண்டில் செங்குத்துக் கோடு, பிறகு வொயிட் பேலன்ஸ், கடைசியில்தான் எக்ஸ்போஷர். கிளாரிட்டி 10-ஐத் தாண்டினால் சுவர்ப் பூச்சின் மேடு பள்ளமெல்லாம் அழுக்காகத் தெரியும். மிச்சமிருக்கும் மஞ்சளுக்கு எச்எஸ்எல்லில் (ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் பகுதி) ஆரஞ்சைக் குறைக்கிறவர்கள் உண்டு. தேக்குக் கதவும் பூஜை அறையும் பிணம் மாதிரி வெளிறிவிடும். சீலிங்கை மட்டும் மாஸ்க் பண்ணி சாச்சுரேஷன் -40 போடுங்கள்.

ரிமூவ் டூலில் எதை அழிக்கலாம் என்பதிலும் கவனம். தரையில் கிடக்கும் ஒயர், குப்பைக்கூடை, ஃபிளாஷ் ஸ்டாண்டின் நிழல் சரி. சுவரில் ஓதக்கறை, விரிசல், ஜன்னலுக்கு வெளியே செல்போன் டவர் கூடாது. புது புராஜெக்ட்டை பில்டருக்காக எடுக்கும்போது இது வெறும் நாணயம் சார்ந்த விஷயம் இல்லை. 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம் 12-ஆம் பிரிவுப்படி, பொய்யான விளம்பரத்தையோ மாடல் ஃபிளாட்டையோ நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு பில்டர் இழப்பீடு தரணும். வாங்கினவர் விலக விரும்பினால் முழுப் பணத்தையும் வட்டியோடு திருப்பித் தரணும்.

---

கோணம்18:

கடைசியாக ஒன்று. தரையின் பளபளப்பைக் குறைக்க சிபிஎல் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர்) போடலாமா?

---

சாளரம்:

போடலாம், ஆனால் 12 மிமீ-ல் கோணம் ரொம்ப அகலம் என்பதால் தரையின் ஒரு பக்கம் மட்டும் அடங்கி மறுபக்கம் மின்னும். ஃபில்டரைத் திருப்பி இரண்டு ஷாட் எடுத்துக் கலக்குங்கள். டெம்பர்ட் கண்ணாடி பார்ட்டிஷன் ஃப்ரேமில் இருந்தால் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், கண்ணாடியில் வானவில் திட்டு வரும்.