ஓநாய் பார்க்கப் போகிறவர்களுக்கு, தெரிந்தவர்கள் சொல்வது

கடலூர் முதுநகர்:
நம்ம பக்கத்திலிருந்து ஓநாய் பார்க்க எளிதான இடம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான். செவ்வாய்க்கிழமை விடுமுறை. பாண்டியில் ஈ.சி.ஆர். பஸ் ஏறிவிடாதீர்கள், சுற்றாகிவிடும். திண்டிவனம் வழி பஸ்ஸில் போய்க் கிளாம்பாக்கத்தில் இறங்கினால் பூங்கா பக்கம். கதவு திறக்கும்போதே உள்ளே போய் நேராக ஓநாய் இருக்கும் இடத்துக்கு நடையைக் கட்டுங்கள். புலி, சிங்கம் எல்லாம் அப்புறம். வெயில் ஏறினால் ஓநாய் நிழலில் சுருண்டுவிடும். உச்சி நேரத்தில் வந்து பார்த்து, "தெருநாய் மாதிரிதானே இருக்கு" என்று நகர்ந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

ஒரே இடத்தில் அரை மணி நேரமாவது பேசாமல் நில்லுங்கள். முதல் பத்து நிமிடம் அது உங்களைத்தான் கவனித்துக்கொண்டிருக்கும். விசில், கைதட்டல், ஃப்ளாஷ் எதுவும் வேண்டாம்; ஒருமுறை மறைவுக்குப் போய்விட்டால் லேசில் வெளியே வராது. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் 8x42 பைனாகுலர் இருந்தால் காதும் உதடும் தெளிவாகத் தெரியும்.

பார்க்க வேண்டியது இதுதான். ஒன்று தலையைத் தாழ்த்தி, வாலை ஒடுக்கி, இன்னொன்றின் வாயோரத்தை நக்கும். சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். குட்டியாக இருந்தபோது தாய் தகப்பனிடம் இரை கக்கச் சொல்லிக் கேட்ட அதே பழக்கம்தான், வளர்ந்த பிறகு வணக்கம் வைப்பதாக மாறியிருக்கிறது. பல்லைக் காட்டுவதும் பெரும்பாலும் "கிட்ட வராதே" என்பதோடு முடிந்துவிடும். ஒரே தடத்தில் ஓயாமல் போவதும் வருவதுமாக இருந்தால் அதை வெறி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடைபட்ட மிருகத்தின் மன அழுத்தம் அது.

"ஆல்ஃபா" கதையையும், அதாவது அடித்து ஜெயித்த ஓநாய்தான் கூட்டத்துக்குத் தலைவன் என்பதையும், சொல்லியாக வேண்டும். 1947-இல் ரூடால்ஃப் ஷெங்கெல் என்ற ஆய்வாளர் எழுதியது, கூண்டில் ஒன்றாக அடைத்த ஓநாய்களைப் பார்த்து. வெவ்வேறு இடத்துப் பிராணிகளை ஓரிடத்தில் போட்டால் அடித்துக்கொள்ளத்தான் செய்யும். அந்தக் கருத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மீச் 1999-இல் அதைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது அப்பா, அம்மா, இந்த வருடக் குட்டி, போன வருடக் குட்டி. ஒரு குடும்பம், அவ்வளவுதான். தனியாகத் திரியும் ஓநாய் பெரும்பாலும் துணையும் இடமும் தேடி வீட்டை விட்டுக் கிளம்பிய இளசு.

வில்லியனூர்:
முதுநகர் அண்ணன் சொன்னதோடு அடையாளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். செந்நாய், ஓநாய், நரி மூன்றையும் போட்டுக் குழப்புகிறோம். செந்நாய் செம்பழுப்பு, வால் நுனி கருத்துப் புசுபுசுவென்று இருக்கும், ஊளையிடாது, சீட்டியடிக்கும், காட்டுக்குள்தான் வாழும். ஓநாய் பொட்டல், முட்புதர், மேய்ச்சல் நிலத்து ஜீவன். சுமார் இருபது கிலோ, நீண்ட கால், மஞ்சள் கலந்த கண், தொங்கும் வால். வால் வளைந்து முதுகுப்பக்கம் ஏறியிருந்தால் அது நாய். நரி பத்துக் கிலோவை ஒட்டி. பாகூர், ஊசுட்டேரி பக்கம் ராத்திரி கேட்கிற ஊளை நரியுடையது. ஊளையை வைத்து எத்தனை என்று எண்ணாதீர்கள். மூன்று நான்கு சேர்ந்து சுருதி மாற்றி மாற்றிக் கத்தினால் ஒரு பட்டாளம் போலக் கேட்கும்.

திருப்பாதிரிப்புலியூர்:
சரணாலயமாகவே பார்க்க வேண்டும் என்றால்?

கடலூர் முதுநகர்:
ஜார்க்கண்டில் மகுவாடாண்ட், 1976-இல் ஓநாய்க்கென்றே அறிவித்தது. கிட்டத்தில் என்றால் கர்நாடகத்தின் கொப்பள் மாவட்டம், கங்காவதி வட்டத்தில் பங்காபுரா. 2024-இல் அறிவிப்பானது, 332 ஹெக்டேர்தான். முதுமலை சஃபாரி மாதிரி எதிர்பார்க்காதீர்கள். வனத்துறையிடம் கேட்டு அனுமதி வாங்கிய பிறகுதான் பயணத்தைத் திட்டமிட வேண்டும். குளிர்காலம் குட்டி போடும் பருவம். பொந்துப் பக்கம் ஆள் போனால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றும், அந்த அலைச்சலில் குட்டி சாகவும் கூடும். ட்ரோன் கூடவே கூடாது.

ஆளைக் கொன்றதே இல்லை என்று மட்டும் யாரும் வாதாட வேண்டாம், தம்பி. 2024-இல் உத்தரப்பிரதேசம் பஹ்ராய்ச்சில் பிள்ளைகள் பலியானார்கள். காட்டு இரை அற்றுப்போய், குழந்தைகள் கதவில்லாத வீட்டிலும் திண்ணையிலும் தூங்குகிற இடங்களில்தான் இது நடக்கிறது. அந்தத் தாய்மார்களின் துக்கத்தை ஒதுக்கிவிட்டு ஓநாயைக் காப்பாற்ற முடியாது. மற்றபடி அது மனிதனைக் கண்டால் விலகிப் போகும் பிராணி. இன்றைக்கு அதற்குப் பெரிய ஆபத்து தெருநாய். வெறிநோயும், டிஸ்டெம்பர் என்கிற நாய் வைரஸ் நோயும் அதிலிருந்துதான் தொற்றுகின்றன, கலப்பினமும் பிறக்கிறது.

பரங்கிப்பேட்டை:
ஓநாய்க்குச் சொன்ன நியாயத்தை நம்மூர் நரிக்கும் சொல்லுங்கள். முந்திரிக்காட்டிலும் வேலிக்காத்தான் புதரிலும் இருந்துகொண்டு எலி, நண்டு, விழுந்த பழம் என்று தின்கிறது. எலி குறைவது நெல் போடுகிறவருக்கு லாபம். நரிக்குக் கொம்பு கிடையாது. "நரிக்கொம்பு" என்று விற்பதெல்லாம் ஏமாற்று. வாங்கினாலும் விற்றாலும் வன உயிரினச் சட்டத்தில் வழக்கு வரும்.

ஆட்டுக்குட்டி போகிறதென்றால், பொழுது சாயும் முன் பட்டியில் அடையுங்கள். வலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்குங்கள், இல்லாவிட்டால் அடியில் பறித்துக்கொண்டு வரும். கோழிக்கழிவையும் செத்த ஆட்டையும் வெளியே வீசாதீர்கள், நரியைக் கூப்பிடுவதே அதுதான். இரையில் விஷம் வைத்தால் மயிலும் பருந்தும் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து சாகும்.

புதரோரம் குட்டி கிடந்தால் தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். நூறு மீட்டர் தள்ளியிருந்து பாருங்கள். இருட்டியும் வராவிட்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பகலில் தள்ளாடி, எச்சில் ஒழுக, ஆளைப் பார்த்தும் விலகாமல் வந்தால் வெறிநோயாக இருக்கலாம். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு ஆஸ்பத்திரி. தோலில் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28-ஆம் நாட்கள். தோல் கிழிந்தோ ரத்தம் வந்தோ இருந்தால், கடிவாயிலேயே போடும் இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்பு மருந்தும் போட வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைத்துக் கட்டாதீர்கள்.